மாதம் 73 டாலர் 13 சென்ட்

நவம்பர் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு வேலை உண்டு. அத்தை உயிரோடு இருக்கிறாள் என்று நிரூபிக்க வேண்டும். சித்தப்பா ஆட்டோ பிடித்து அவளை வங்கிக்கு அழைத்துப் போவார். கைரேகை எடுக்கும் கருவிக்கு அத்தையின் கட்டைவிரலைக் கண்டால் ஆகாது. சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி துடைத்து, ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பச்சை விளக்கு எரியும். அத்தை கைதட்டிச் சிரிப்பாள். அவளுக்கு அது விளையாட்டு. வெளியே வந்ததும் ஒரு பன்னீர் சோடா. அது இல்லாமல் ஆட்டோவில் ஏற மாட்டாள்.

வருகிற பணம் தாத்தாவின் மிலிட்டரி பென்ஷன். தாத்தா போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவருக்குப் பிறகு ஆயாவுக்கு வந்தது. ஆயாவுக்குப் பிறகு, பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றிய பிள்ளை என்ற கணக்கில் அத்தைக்கு, அவள் ஆயுள் உள்ளவரை. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் நிறைய. அங்கே பிறந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

இதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்றால், 2020 ஜூன் தொடக்கத்தில் அமெரிக்காவில், வட கரோலைனாவின் சார்லட் நகரில் என் அடுக்ககத்தில் அடைந்து கிடந்தபோது கண்ணில் பட்ட ஒரு செய்தி. அமெரிக்க உள்நாட்டுப் போருக்காகப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த கடைசி ஆள் மே 31 அன்று வட கரோலைனாவில் இறந்துவிட்டார். பெயர் ஐரீன் டிரிப்லெட், வயது 90. அச்சுப் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் போர் முடிந்தது 1865-ல். லிங்கனைச் சுட்டது அந்த வருடம். நம் ஊரில் விக்டோரியா ராணியின் ஆட்சி. அந்தப் போரில் துப்பாக்கி தூக்கிய ஒருவரின் சொந்த மகள், பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ அல்ல, பெற்ற மகள், கொரோனா காலம் வரை மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கியிருக்கிறார். வருடத்துக்கு 877 டாலர் 56 சென்ட்.

கணக்குப் போட்டால் நடக்கக்கூடியதுதான். அப்பா மோஸ் டிரிப்லெட் பிறந்தது 1846-ல். முதல் மனைவி இறந்தபின் 1924-ல் எலைடா ஹால் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு வயது 78. பெண் ஏறத்தாழ ஐம்பது வயது இளையவர். சில குழந்தைகள் தங்கவில்லை. 1930 ஜனவரியில் ஐரீன் பிறந்தபோது மோஸுக்கு 84 நடந்துகொண்டிருந்தது. அதோடு நிற்காமல் அதற்கு மூன்று வருடம் கழித்து ஒரு மகனும் பிறந்தான்.

வயதுக் கணக்கைப் படித்துவிட்டுச் சிரித்து நகர்ந்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தக் கணக்கைவிட மோஸின் பட்டாளக் குறிப்புதான் விடாமல் நின்றது.

1862 மே மாதம், பதினாறு வயதில், வட கரோலைனா 53-ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்கிறார். தெற்குப் படை, அதாவது அடிமைமுறையைக் காக்க லிங்கனின் வடக்கு அரசை விட்டுப் பிரிந்த தென் மாநிலங்களின் படை. அந்த ஏப்ரலில்தான் தெற்கு அரசு கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆனால் அது 18 முதல் 35 வயதுக்காரர்களுக்கு. இந்தப் பையனை யாரும் இழுத்துப் போகவில்லை, தானாகப் போனவன். 1863 ஜனவரியில் 26-ஆம் வட கரோலைனாப் பிரிவுக்கு மாற்றம். அந்தக் கோடையில் தெற்குத் தளபதி ராபர்ட் லீயின் படை வடக்கே பென்சில்வேனியாவை நோக்கி நடக்கிறது. வழியில் மோஸுக்கு உடம்புக்கு முடியவில்லை. வர்ஜீனியாவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் விட்டுவிட்டுப் படை முன்னே போகிறது. ஜூன் கடைசியில் மோஸ் மருத்துவமனையிலிருந்து காணாமல் போகிறார். ஏட்டில் ஓடிப்போனவர் என்று பதிகிறார்கள்.

அடுத்த சில நாட்களில் 26-ஆம் பிரிவுக்கு நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இந்த ஓட்டத்தின் எடை தெரியும். ஜூலை 1 அன்று பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ஊருக்கு மேற்கே, வில்லோபி ஓடையைத் தாண்டி ஒரு காட்டுக்குள், எதிரே நின்ற வடக்குப் படையின் 24-ஆம் மிச்சிகன் பிரிவின் மீது பாய்ந்தார்கள். படைக்கொடியைத் தூக்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டு விழ, பத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து அதே கொடியை எடுத்தார்கள். ஒரு கட்டத்தில் கர்னலே தூக்கினார். ஹென்றி கிங் பர்க்வின், வயது 21. அவரும் அங்கேயே முடிந்தார். மிஞ்சியவர்களை ஜூலை 3 அன்று மறுபடி திறந்த வெளியில் ஓடவிட்டார்கள். 800-க்கு மேல் இருந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அந்த மூன்று நாளில் செத்தார்கள், அல்லது காயம்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, எது வந்து அந்தப் பையனைப் படுக்கவைத்ததோ அதற்குக் கோயில் கட்டலாம்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பருக்கு முப்பாட்டனுக்கும் மேலே ஒருவர் இதே 26-ல் இருந்தார். மேசையில் பழுப்பேறிய படம் வைத்திருப்பார். மீசை, சாம்பல் நிறச் சீருடை, முழங்காலில் நிறுத்திய துப்பாக்கி. கெட்டிஸ்பர்க் என்று யாராவது வாயெடுத்தால் போதும், ஒரு மணி நேரம் போய்விடும். நான் மோஸைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அவனா? அவன் ரெண்டு பக்கமும் போனவன்" என்றார். எங்கள் ஊரில் கட்சி மாறியவரைச் சொல்வார்களே, அந்தத் தொனி.

ஆமாம், ரெண்டு பக்கமும் போனவர்தான். ஓடிப்போன மோஸ் மலைக்குத் திரும்பினார். 1864 ஆகஸ்ட்டில், மலைத்தொடருக்கு அப்பால் டென்னசியின் நாக்ஸ்வில் நகரில், 3-ஆம் வட கரோலைனாக் குதிரைக் காலாட்படையில் சேர்ந்தார். பெயர் வட கரோலைனா, ஆனால் படை வடக்கினுடையது. தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் கர்க். ஊர்க்காரர்கள் இவர்களைக் கர்க்கின் கொள்ளையர்கள் என்பார்கள். பாலத்தை எரிப்பது, ரயில் பாதையைப் பெயர்ப்பது, கிடங்குகளைச் சூறையாடுவதுதான் வேலை. 1865 ஏப்ரலில் வடக்கின் ஜெனரல் ஸ்டோன்மனின் குதிரைப்படை மலைகளின் ஊடே புகுந்து போனபோது அவர்கள் திரும்பும் வழியைக் காக்கக் கர்க்கின் ஆட்கள் பூன் நகரில் நீதிமன்றத்தையே கோட்டையாக்கி உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட்டில் மோஸுக்குப் படையிலிருந்து முறையான விடுவிப்பு கிடைத்தது. வயது 19.

வீட்டிலிருந்து, ஐரீன் குடும்பத்தின் ஊர்ப் பக்கமான வில்க்ஸ்போரோவுக்கு வடக்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஓட்டம். ஒரு சனிக்கிழமை ஸ்டேட்ஸ்வில் வரை நெடுஞ்சாலையில் போய், அங்கிருந்து 115-ஆம் எண் சாலையைப் பிடித்தேன். ஸ்டேட்ஸ்வில் தாண்டியதும் நிலம் மெல்ல மடிப்புவிழ ஆரம்பிக்கிறது. தூரத்தில் புளூ ரிட்ஜ் மலை, பெயருக்கேற்ற நீலத்தில். கோழிப்பண்ணைகளின் நீளமான தகரக் கொட்டகைகள், சின்னச் சின்னத் தேவாலயங்கள், சரிவில் மாடுகள். பெரிய பருத்தித் தோட்டம் போட இங்கே சமநிலம் கிடையாது. கீழே சமவெளியில் அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய பெரிய மனிதர்களின் போர், இந்த மேட்டுக் காட்டுக்காரனுக்கு என்ன வேண்டும்? 1861 பிப்ரவரியில் பிரிவதைப் பேச ஒரு மாநாடு கூட்டலாமா என்று வட கரோலைனா வாக்களித்தபோது மிகக் குறைந்த வித்தியாசத்தில் வேண்டாம் என்று முடிந்தது. வில்க்ஸ் வட்டாரம் வேண்டாம் என்ற பக்கம். சம்டர் கோட்டையில் சண்டை வெடித்து, லிங்கன் படைக்கு ஆள் கேட்ட பிறகுதான் மே 20 அன்று மாநிலம் பிரிந்தது. 1862 அக்டோபரில் இன்னொரு சட்டம்: இருபது அடிமைகள் உள்ள பண்ணைக்கு ஒரு வெள்ளைக்காரருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்கு. பணக்காரன் போர், ஏழையின் சண்டை என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். வில்க்ஸ் மலைகளில் ஓடிப்போனவர்கள் கூட்டம் கூட்டமாக ஒளிந்திருந்தார்கள்.

அதற்காக மோஸைக் கொள்கை வீரராக ஆக்கும் ஆசை எனக்கு இல்லை. அடிமைமுறை கூடாது என்று பக்கம் மாறினாரா, பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் மாறினாரா, சம்பளமும் பூட்ஸும் கிடைக்கும் என்று மாறினாரா என்று எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. பதினெட்டு வயதுப் பையனுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

போர் முடிந்தும் கர்க்கின் ஆட்கள் மீதிருந்த கோபம் அடங்கவில்லை. 1870-ல் ஆளுநர் ஹோல்டன், கறுப்பர்களைக் கொன்று திரிந்த கூ கிளக்ஸ் கிளானை அடக்க இதே கர்க்கைத்தான் படையோடு அனுப்பினார். அதற்குப் பழியாகச் சட்டமன்றம் அடுத்த வருடம் ஹோல்டனின் பதவியையே பறித்தது. அப்படிப்பட்ட மண்ணில் கர்க்கின் பழைய சிப்பாய் ஒருவர் எழுபது வருடத்துக்கு மேல் குடியிருந்தார். கிழவருக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. விஷப்பல் பிடுங்கிய பாம்புகளை வளர்த்ததாகவும், திண்ணையில் துப்பாக்கியோடு உட்கார்ந்து மரத்திலிருக்கும் வால்நட் காய்களைச் சுட்டு வீழ்த்தியதாகவும் கதைகள் உண்டு. கொஞ்சம் கிறுக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ, வருகிறவன் போகிறவன் எல்லாரும் பார்க்கட்டும் என்றே சுட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

இனி பென்ஷன். வடக்கு அரசு 1862 ஜூலையிலேயே சட்டம் போட்டுவிட்டது: காயம்பட்ட சிப்பாய்க்கும், செத்தவன் மனைவிக்கும் பிள்ளைக்கும் பணம். 1865 மார்ச்சில் இரண்டாம் முறை பதவியேற்றபோது லிங்கன், போரைச் சுமந்தவனையும் அவன் விதவையையும் அநாதையையும் பேணுவோம் என்று சொன்னார். 1890-ல் சட்டத்தை இன்னும் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டில் மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பென்ஷனுக்கே போனது. தெற்குச் சிப்பாய்களுக்கு அப்போது இதில் ஒரு காசு கிடையாது. அவர்களுக்குத் தெற்கு மாநிலங்கள் தங்கள் கஜானாவிலிருந்து ஏதோ கொஞ்சம் கொடுத்தன.

அந்தப் போரில் இருந்த தங்கள் முன்னோரைத் தேடும் அமெரிக்கர்கள் பலர் தேடிப் போவது இந்தப் பென்ஷன் கோப்புகளைத்தான். வாஷிங்டனில் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாயின் பெயர், மாநிலம், படைப்பிரிவு தெரிந்தால் நகல் கேட்கலாம். சேவைக் குறிப்பு வறண்டது: வந்தார், இல்லை, ஆஸ்பத்திரி, ஓடிவிட்டார். பென்ஷன் கோப்பு அப்படியல்ல. எங்கே சுடப்பட்டாய், இப்போது எந்தத் தோள் தூக்க முடியவில்லை, பிள்ளைகள் எத்தனை, எப்போது பிறந்தார்கள் எல்லாம் அதில் வரும். விதவை என்றால் கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி வேண்டும். கல்யாணத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி, பிரசவம் பார்த்த மருத்துவச்சி எல்லாரும் சத்தியம் செய்து கைநாட்டு வைத்திருப்பார்கள். பிறந்தநாள் எழுதிவைத்த குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து அனுப்பியவர்கள் உண்டு, அது இன்றும் கோப்பில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து வாக்குமூலம் எடுப்பார். வடக்குப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்புச் சிப்பாய்கள் இருந்தார்கள். பலர் அடிமையாகப் பிறந்தவர்கள். அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் கல்யாணமாகவே மதிக்கவில்லை, பதிவேடு ஏது? அவர்களுடைய மனைவிமார், நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்தோம் என்று சாட்சி வைத்துச் சொன்ன வாக்குமூலங்கள்தான் இன்று அந்தக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைக்கிற ஒரே குடும்ப வரலாறு. நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் பொறாமைப்பட வேண்டிய பொக்கிஷம். அதைச் சேர்த்துவைத்தது, ஏமாற்றிப் பணம் வாங்கிவிடுவார்களோ என்ற அரசாங்கத்தின் சந்தேகப் புத்தி.

1938-ல் கெட்டிஸ்பர்க் போரின் 75-ஆம் ஆண்டு. உயிரோடிருந்த இரு பக்கத்துச் சிப்பாய்களையும் அரசே ரயிலேற்றி அழைத்துவந்தது. 1913-ல் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய இடத்தில் இந்த முறை 2,000-க்கும் குறைவு. சராசரி வயது 94 என்கிறார்கள். ஜூலை 3 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வந்து சமாதான நினைவுச் சின்னத்தைத் திறந்துவைத்தார். அந்தக் கூட்டத்தில் 92 வயது மோஸும் இருந்தார். 1863-ல் அவர் போய்ச் சேராத கெட்டிஸ்பர்க்குக்கு 75 வருடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். வீடு திரும்பி ஜூலை 18 அன்று இறந்தார். அவர் கல்லறைக் கல்லில் உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் என்று மட்டும் எழுதியிருக்கிறது. எந்தப் பக்கம் என்று இல்லை. எழுதச் சொன்னவர் புத்திசாலி.

ஐரீனுக்கு அப்போது எட்டு வயது. அவருக்கு மனவளர்ச்சிக் குறை. அம்மாவுக்கும் அப்படித்தான். பள்ளியில் ஓக் மரப்பலகையால் அடித்தார்கள், வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் அடித்தார்கள் என்று பின்னாளில் ஒரு நிருபரிடம் சொல்லியிருக்கிறார். 1943-ல் தாயும் மகளும் வில்க்ஸ் வட்டார ஏழைகள் விடுதிக்குப் போனார்கள். தம்பி வளர்ந்ததும் அங்கிருந்து ஓடிவிட்டான். அப்பன் வழி. 1960-ல் விடுதியை மூடியபோது முதியோர் இல்லம். 1967-ல் அம்மா இறந்தார். அதற்கப்புறம் ஐம்பது வருடத்துக்கும் மேல் ஐரீன் தனியே இல்லங்களிலேயே இருந்தார். இல்லத்தின் செலவை ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் ஏற்றது. போர் வரலாற்றில் பித்துப்பிடித்த சிலர் அவரைத் தேடிப்போய்ப் பார்ப்பார்களாம், கைச்செலவுக்குப் பணம் அனுப்புவார்களாம். டாக்டர் பெப்பர் குளிர்பானத்துக்கும் மெல்லும் புகையிலைக்கும். புகையிலைப் பழக்கம் ஒன்றாம் வகுப்பிலேயே வந்ததாம்.

டாக்டர் பெப்பர் என்று படித்த இடத்தில் எனக்குப் பன்னீர் சோடாவின் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் திரையை மூடிவைத்துவிட்டேன்.

ஐரீன் இறந்த அதே வாரம் வட கரோலைனாவின் ஊர்களில், போலீஸ் கொன்ற கறுப்பர் ஜார்ஜ் ஃபிளாய்டுக்காக ஊர்வலங்கள். அந்த ஜூனிலேயே மாநிலத் தலைநகர் ராலேயில் கேபிடல் கட்டடத்தின் முன் நின்ற 75 அடித் தெற்குப் படை நினைவுத்தூணை இறக்கினார்கள். நண்பர் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை, அதை அவரிடமும் சொன்னேன். பேச்சு கொஞ்ச நாள் நின்றுபோய், பிறகு சரியாகிவிட்டது.

அதே வருடம் டிசம்பரில் மிசூரியில் ஹெலன் வயோலா ஜாக்சன் என்ற பாட்டி இறந்தார். 1936-ல், பதினேழு வயதில், தான் கவனித்துக்கொண்ட 93 வயது வடக்குச் சிப்பாயைக் கட்டிக்கொண்டவர். தான் போனபின் பென்ஷனாவது இவளுக்குக் கிடைக்கட்டும் என்றுதான் கிழவர் கேட்டாராம். ஊர் என்ன பேசுமோ என்று ஹெலன் கடைசி வரை அந்தப் பென்ஷனைக் கேட்கவே இல்லை. கல்யாணம் நடந்ததையே எண்பது வருடம் வெளியே விடவில்லை.

என் தாத்தா கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லி வளர்த்தது, தாத்தா பர்மாவில் ஜப்பான்காரனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டார் என்று. காலில் ஒரு தழும்பு, அதுதான் அத்தாட்சி. சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது டிரங்குப் பெட்டியிலிருந்து அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். பர்மா எல்லைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மலேரியா. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. அதன்பின் கடைசி வரை ஸ்டோரில் சாமான் கணக்கு. ஜப்பான்காரன் எவனும் எந்த வரியிலும் இல்லை. தழும்பு, கிணற்றடியில் விழுந்தது என்று பெரிய அத்தை பிறகு ஒத்துக்கொண்டாள். அப்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

நண்பருடைய முன்னோருக்குக் கொடியும் படமும் கதையும் இருக்கின்றன. மோஸ் அந்தக் காட்டில் இல்லை. இருந்திருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்திருப்பார். தப்பித்துச் சாம்பல் சீருடையிலேயே நின்றிருந்தால், மனவளர்ச்சி குன்றிய மகளுக்கு வாஷிங்டனிலிருந்து மாதாமாதம் இந்தப் பணம் வந்திருக்குமா என்பது சந்தேகம். குடும்பம் மறைக்க நினைக்கிற அந்த ஒரு வரி, ஓடிவிட்டார் என்ற வரிதான், அவளுக்குப் புகையிலைக் காசாக வந்துகொண்டிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசும்போது இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஆளு சண்டையே போடலையா?"

"மொதல்ல இருந்த பக்கத்துல போட்டதா தெரியலப்பா. ஆஸ்பத்திரியில இருந்து ஓடிட்டாரு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நம்ம தாத்தா ஓடலடா. அவருக்கு மலேரியா."

"தெரியும்பா. புக்குல படிச்சேன்."

"படிச்சிட்டியா" என்றார். பிறகு, "சரி, அந்தப் புக்க ரெண்டு காப்பி எடுத்து வெச்சிடு. பேங்க்ல புது ஆபீசர் வந்திருக்காரு. அத்தை பேர்ல ஏதோ எழுத்துப் பிழையாம், ஒரிஜினல் கேக்கறாங்க" என்றார்.